சைக்கிளுக்குப் பால் வகுத்தவர் யார்?

தமிழ் இலக்கணம் அஃறிணைப் பொருள்களை ஆண் என்றும் பெண் என்றும் பிரிப்பதில்லை. ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பன உயர்திணைக்கே உரியவை. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இரண்டே உண்டு. காளை வந்தாலும் 'வந்தது', பசு வந்தாலும் 'வந்தது' என்பதே நம் மொழியின் மரபு. பனையில் ஆண்பனை, பெண்பனை என்று சொல்கிறோமேயென்றால், அது பாளையையும் காயையும் கண்டு சொன்ன வழக்கு. இயற்கை செய்த பிரிவு. இரும்பும் இறப்பரும் தோலும் சேர்ந்த சைக்கிளுக்கோ அத்தகைய நியாயம் எதுவும் இல்லை. எனினும் 'ஆம்பிளைச் சைக்கிள்', 'பொம்பிளைச் சைக்கிள்' என்று நாம் கூசாமற் பேசுகிறோம். கடைக்காரர் 'ஜென்ட்ஸ்' என்கிறார், 'லேடீஸ்' என்கிறார். இருக்கையின் அடியிலிருந்து ஹாண்டில் வரை கிடையாக ஓடும் ஒரு குழாய் இருந்தால் அது ஆண்; அக்குழாய் கீழே இறங்கிவிட்டால் அது பெண். 'பார்' என்று நாம் சொல்லும் அந்த ஒரு குழாயிலே இத்தனை பெரிய பேதமும் தங்கியிருக்கிறது.

பெண்களுக்கென்று செய்யப்பட்ட சைக்கிளில் ஆண்கள் வசதியாகச் செல்ல இயலுமா? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். வீட்டுக்கு நான்கு வாகனங்கள் வைத்திருப்பவனுக்கு இது அற்பமே. ஆனால் ஒரு குடும்பம் பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரேயொரு சைக்கிளை வாங்கும் நாட்டில், அந்த ஒன்று எத்தகையது, அதில் யார் யார் ஏறலாம், யார் ஏறினால் ஊர் சிரிக்கும் என்பன அற்பமான கேள்விகள் அல்ல. பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டைக் கையிலே வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது நன்கு தெரியும்.

முதலில் இப்பேதம் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

1817ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் வொன் டிரைஸ் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மரச்சட்டத்தில் பூட்டி, நிலத்தைக் காலால் உந்திச் செல்லும் ஒரு வண்டியைச் செய்தார். இரண்டே ஆண்டுகளில், 1819இல், லண்டனில் டெனிஸ் ஜோன்சன் என்ற வண்டித் தொழிலாளி அதே வண்டியின் நடுச்சட்டத்தைத் தாழ்த்திச் சீமாட்டிகளுக்கென்று ஒன்றைச் செய்தார். மிதியும் சங்கிலியும் தோன்றுவதற்கு முன்பே பால் வேறுபாடு தோன்றிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் ஆளுயர முன்சக்கரம் கொண்ட சைக்கிள்கள் வந்தன. அவற்றில் ஏறுவது சர்க்கஸ் வித்தை போன்றது. நீண்ட பாவாடையணிந்த பெண்ணுக்கு அது பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது.

1885இல் இங்கிலாந்தின் கவன்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராலி 'றோவர்' சைக்கிளை வெளியிட்டார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும். இன்று நாம் ஓட்டுவது அதன் பேரப்பிள்ளையே. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். குழாய்களை முக்கோணமாகப் பிணைத்தால் சட்டம் அசையாது என்ற எளிய பொறியியல் உண்மையின்படி, கிடையான மேற்குழாயுடன் கூடிய வைர வடிவச் சட்டம் நிலைபெற்றது. அதே 1880களின் இறுதியில், மேற்குழாயை வளைத்துக் கீழ்க்குழாயின் அருகே இறக்கிய பெண்கள் சைக்கிளும் சந்தைக்கு வந்தது. சங்கிலிக்கு மூடி, பின்சக்கரத்தில் பாவாடை சிக்காதிருக்க நூல்வலை என்று அதற்குத் தனி அலங்காரங்கள்.

இங்கே பெண்ணின் உடலமைப்பை எண்ணி எவரும் எதுவும் செய்துவிடவில்லை. அவள் உடுத்தியிருந்த பாவாடையையே எண்ணினார்கள். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் அதனடியில் உள்ளாடைகளும் கொண்டவள் காலை உயர்த்திச் சுழற்றி ஏறினால் விக்ரோரியா காலத்து நாகரிகம் என்னாவது? நாகரிகத்தைக் காக்கும் பொருட்டுச் சட்டத்தின் முக்கோணத்தைக் குலைத்தார்கள். குலைந்த வலிமையை ஈடுசெய்யக் கூடுதல் இரும்பைச் சேர்த்தார்கள். 'மெல்லியலார்' என்று வருணிக்கப்பட்டவளுக்குக் கிடைத்தது ஆணின் சைக்கிளைவிடப் பாரமான சைக்கிள்!

இந்த வேடிக்கையை ஒரு தொழிலாளர் குடும்பத்துப் பெண் 1894இல் உலகுக்குக் காட்டினாள். லற்வியாவிலிருந்து குடியேறி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வாழ்ந்த மூன்று பிள்ளைகளின் தாய் அவள். ஊற்றுநீர் விற்கும் கம்பனி ஒன்றின் விளம்பரத்துக்காக அன்னி லண்டன்டெறி என்ற பெயரைப் பூண்டு உலகைச் சுற்றப் புறப்பட்டாள். தொடங்கியபோது நீண்ட பாவாடை. 42 இறாத்தல் எடையுள்ள பெண்கள் சைக்கிள். சிக்காகோவை அடைந்ததும் அதனைக் கைவிட்டு, அதன் பாதியளவே எடையுள்ள ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். பாவாடையையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பயணம் அதன் பின்னரே பயணமாயிற்று.

மேட்டுக்குடியிலும் மோதல் இருந்தது. பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காக 1881இல் லண்டனில் தொடங்கிய சங்கத்தில் முன்னின்ற ஹாபர்ட்டன் சீமாட்டி, 1898இல் முழங்காலளவுக் காற்சட்டையுடன் சைக்கிளில் சென்று சறே மாவட்டத்து விடுதியொன்றில் உணவு கேட்டபோது, கண்ணியமானவர்கள் அமரும் அறையில் இடமில்லை என்று மறுத்தார்கள். சைக்கிள் பயணிகள் கழகம் வழக்குத் தொடுத்தது. 1899இல் வழக்குத் தோற்றது. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அதற்கேற்ற உடை உடுத்தலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நிற்க. பாவாடைக்காக வளைக்கப்பட்ட இந்தக் குழாய் நம் நாட்டுக்கு வந்தபோது நிகழ்ந்த விந்தையை யாரும் பேசக் காணோம். இங்கிலாந்தில் ஆண் காற்சட்டை அணிந்தான். எனவே மேற்குழாய் அவனுக்கு இடையூறன்று. நம் ஆண்கள் அணிந்ததோ வேட்டியும் சாரமும். துணியின் அமைப்பைக் கொண்டு பார்த்தால், கவன்றித் தொழிற்சாலையின் தர்க்கப்படியே, பார் இல்லாத சைக்கிள்தான் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கும் மாத்தளைச் சந்தை வியாபாரிக்கும் உரியது. நீண்ட அங்கியணிந்த கத்தோலிக்கக் குருமாருக்கென்று இத்தாலியில் மேற்குழாயற்ற சைக்கிளே செய்தார்கள். 'பாதிரியார் சைக்கிள்' என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். அங்கே அதனால் எந்தக் குருவின் ஆண்மையும் குறைந்துபோகவில்லை. நாமோ றலி, ஹம்பர், றட்ஜ் ஆகிய பெயர்களுடன் வந்திறங்கிய இரும்பை மட்டும் இறக்குமதி செய்யவில்லை. அதனோடு ஒட்டியிருந்த இங்கிலாந்துப் பேதத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தோம். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, காலைப் பின்புறமாகச் சுழற்றி, பாருக்கு மேலாக ஏறி அமர்வதே ஆண்மையின் இலக்கணம் என்று கொண்டோம்.

பாருக்குப் பயனே இல்லை என்பது என் வாதமன்று. குழந்தையை அதில் அமர்த்தலாம். சிறு துவாயை மடித்துப் போட்டு மனைவியை அமர்த்திச் செல்வது நம் கிராமங்களில் ஒரு காலத்துக் காதற் காட்சி. மூட்டையைச் சார்த்தி உருட்டிச் செல்லவும் அது உதவும். பாரம் சுமக்கும் உழைப்பாளிக்கு முக்கோணச் சட்டத்தின் உறுதி வேண்டியதே. பின்சுமையாக ஒரு மூட்டை மிளகாயையோ இரண்டு தேங்காய்ச் சாக்குகளையோ ஏற்றினால், மலிவாகச் செய்யப்பட்ட பெண்கள் சைக்கிளின் சட்டம் நெளிவதை ஹாண்டில் பிடித்த கையே உணரும். இது மெய்யான குறை.

ஏனைய குறைகள் என்று சொல்லப்படுபவற்றை ஆராய்ந்தால் அவை பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. 'முழங்கால் ஹாண்டிலில் இடிக்கிறது' என்பார்கள். அது சட்டத்தின் வடிவத்தாலன்று, அளவால் வருவது. கடைகளில் பெண்கள் சைக்கிள்கள் சிறு அளவில் வருகின்றன. உயரமானவர் எவர் ஏறினும், பெண்ணேயாயினும், முழங்கால் இடிக்கும். இருக்கைத் தண்டை உயர்த்தி, மிதி கீழே இருக்கையில் கால் ஏறத்தாழ நீளும்படி அமைத்துக்கொண்டால் துன்பம் நீங்கும். தண்டு போதாதெனின் நீண்ட தண்டு மாற்றலாம். சைக்கிள் திருத்துபவருக்கு அது கால்மணி வேலை. 'இருக்கை அகலம்' என்பார்கள். இடுப்பெலும்பின் அகலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரி வேறுபாடு உண்டென்பது உண்மை. ஆனால் இருக்கை ஒரு திருகாணியால் இறுக்கப்பட்ட பொருள். கழற்றி மாற்றலாம். 'பெண்ணுக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. ஆகவே தனிச் சட்டம்' என்று மேலைநாட்டு நிறுவனங்கள் பல்லாண்டு விளம்பரம் செய்தன. அண்மைய ஆண்டுகளில் அவற்றுட் பெரியவை சிலவே அளந்து பார்த்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே பெரிதென்று கண்டு, அத்தனிச் சட்டங்களைக் கைவிட்டன. சறுக்கி விழும் வேளையில் அந்த இரும்புக் குழாய் யாருக்கு அதிகக் கேடு விளைவிக்கும் என்பதை, சிறுவயதில் சைக்கிள் பழகிய எந்த ஆணும் விளக்கமின்றியே அறிவான். உடலை மட்டும் கருதியிருந்தால் பார் பெண்ணுக்குத்தான் வைக்கப்பட்டிருக்க வேண்டும்!

ஆகவே வசதியாக ஓட்டலாமா என்ற கேள்விக்கு இரும்பு தரும் விடை, 'தாராளமாக' என்பதே. தடை இரும்பில் இல்லை.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே நிலம் இரண்டு வகை. நகரத்துக்குக் கிழக்கே இறத்தோட்டை, எல்கடுவ என்று மலை ஏறுகிறது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வாசனைச் சரக்குகளும் விளையும் சரிவுகள். 1880இல் கண்டியிலிருந்து வந்த இருப்புப்பாதை இன்றும் மாத்தளையோடு முடிகிறது. வடக்கே நாலந்தையைக் கடந்து நாவுல, தம்புள்ளை, கலேவெல என்று நிலம் தாழ்ந்து, சமவெளியாகிக் குளங்களும் வயல்களுமாக விரிகிறது. மலைச்சரிவில் சைக்கிள் பாதி வழிக்கு உருட்டப்படும் பொருள். அங்கே அது பெரும்பாலும் தபாற்காரருக்கும் தோட்டத்து உத்தியோகத்தருக்கும் உரியதாயிருந்தது. விடியுமுன் இறப்பர் பால் வெட்டச் சென்ற பெண்ணும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணும் நடந்தார்கள். சமவெளியிலோ சைக்கிள் இன்றியமையாத உழவுக் கருவி. அங்கேதான் 'வீட்டுக்கு ஒரு சைக்கிள்' என்ற நிலையில் பாரின் அதிகாரம் நன்கு விளங்குகிறது. அந்த ஒன்று பார் வைத்ததாயின், அது தகப்பனுடையது. அவன் வயலுக்குப் போனால் சைக்கிளும் போகும். பார் இல்லாததாயின், அது மகளுடையது. மகள் வளர்ந்து வெளியூர் போனால் அது சுவரிற் சாய்ந்து துருப்பிடிக்கும்.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நாவுலப் பக்கத்துக் கிராமம். தமக்கை ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபின் அவளுடைய சைக்கிள் வீட்டில் நல்ல நிலையில் கிடந்தது. அவனோ மூன்று மைல் நடந்து வந்தான். மழை நாளில் வரவேமாட்டான். வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிது. காரணம் கேட்டபோது தலையைக் குனிந்தான். ஒரு முறை அச்சைக்கிளில் வந்தபோது வாசலில் நின்ற மாணவர்கள் அவனைத் தமக்கையின் பெயர் சொல்லி அழைத்தார்களாம். பின்னர் அவன் ஒரு வழி கண்டான். சைக்கிளில் வந்து, பள்ளிக்குக் கால் மைல் முன்பே ஒரு தேநீர்க்கடைப் பின்புறத்தில் அதை நிறுத்திவிட்டு, மீதி வழியை நடந்து வருவான். வரவு சீரானது. கணக்கும் வரலாறும் கற்பிக்கிறோம்; இந்தக் கால் மைலைப் பற்றிக் கற்பிக்க நம் பாடத்திட்டத்தில் இடமில்லை.

நாணம் மனித இயல்பு, அதை மாற்றமுடியாது என்று சொல்வோருண்டு. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை அவர்கள் நினைவுகூர வேண்டும். அந்நியச் செலாவணி வற்றி நாடு திணறியது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. சைக்கிளின் விலை வெகுவாக ஏறிற்று. கிடைத்ததில் ஏறினார்கள். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கடை முதலாளிகள் ஆகியோர் மகளின் சைக்கிளில், முன்கூடையோடு, ஊரறியச் சென்றார்கள். யாரும் சிரிக்கவில்லை; சிரிக்க வேண்டியவர்களும் சைக்கிளுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். பின்னர் எரிபொருள் அட்டை முறை வந்து பெற்றோல் கிடைத்தது. நாணமும் திரும்பி வந்தது. பொருளியல் நிலை மாறும்போது வந்து போகும் ஒன்றை 'இயல்பு' என்று எவ்வாறு சொல்வது?

இனி, இதே கேள்வியை மறுபுறமாகக் கேட்ட ஒரு மாவட்டத்தைக் காண்போம். அது நமக்கு அந்நியமானதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்த மக்களுள், வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொடுத்து வந்த அந்த மக்களுள், புதுக்கோட்டைச் சீமையாரும் இருந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களிலும் அச்சீமையை அடைந்தவர்கள் உண்டு.

அந்தப் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவித்தலே நோக்கம். ஆனால் எழுத்தறிந்த பெண் நான்கு சுவருக்குள் இருந்தால் எழுத்து என்ன செய்யும்? மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் நடமாட்டத்தையும் கல்வியின் பகுதியாக்கினார். பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவது இயக்கத்தின் வேலையாயிற்று. களப்பணிப் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்யப்பட்டது. கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், கிராமத் தாதிகள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். 1992ஆம் ஆண்டின் அனைத்துலக மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஹாண்டிலில் கொடி கட்டி, மணியடித்து நகருக்குள் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் சைக்கிள் ஓட்டப் பழகிய கிராமப் பெண்களின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது என்று அங்கே சென்று கண்டெழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். வசையும் ஏளனமும் இல்லாமலில்லை. வீதியில் கேட்கக் கூடாதவற்றைக் கேட்டார்கள். ஆயினும் பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. விளைபொருளைக் கூடுதலான ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. தண்ணீர் எடுப்பதிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் விடுவது வரை ஆணின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நம் விடயத்துக்கு முக்கியமான செய்தி இனித்தான் வருகிறது. அத்தனை பெண்களுக்கும் போதிய 'லேடீஸ்' சைக்கிள்கள் சந்தையில் இல்லை. அவர்கள் காத்திருக்கவில்லை. சேலையோடும் தாவணியோடும் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பிறகு பலர் அதையே விரும்பிக் கேட்கத் தொடங்கினார்கள். ஏன் தெரியுமா? பாரில் குழந்தையை அமர்த்தலாமே! ஆண்மையின் அடையாளமென்று நாம் போற்றிய குழாயைத் தாய்மார்கள் பிள்ளைக்கு இருக்கையாக்கினார்கள். நூறாண்டு மூடநம்பிக்கை ஒன்றுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பை எந்தப் பேராசிரியரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

பெண் ஆணின் சைக்கிளில் ஏறினால் முதலில் வசை வருகிறது. பின்னர் அது துணிவென்று போற்றப்படுகிறது. ஆண் பெண்ணின் சைக்கிளில் ஏறினால் வசையும் இல்லை, போற்றுதலும் இல்லை, நகைப்பு மட்டுமே. இரு திசைகளும் ஒன்றாக மதிக்கப்படாமைக்குக் காரணம், ஒன்று ஏறுமுகம் என்றும் மற்றது இறங்குமுகம் என்றும் சமூகம் கருதுவதே. பெண்ணைத் தாழ்வாக எண்ணாதவனுக்கு அவளுடைய சைக்கிளில் அமர்வது எப்படித் தாழ்வாகும்? தேநீர்க்கடைப் பின்புறத்தில் சைக்கிளை ஒளித்த மாணவனை ஏளனம் செய்தவர்கள் உண்மையில் அவனை ஏளனம் செய்யவில்லை. அவன் தமக்கையையும், தம் வீட்டுத் தமக்கைமாரையும் ஏளனம் செய்தார்கள். இதை வகுப்பில் சொன்னபோது சிலருக்கு விளங்கிற்று, சிலருக்கு விளங்கவில்லை.

பிற நாடுகளில் இந்நோய் இவ்வளவு முற்றவில்லை. ஜப்பானில் தாய்மாருக்கென்று பெயர்பெற்ற, முன்கூடையுடன் கூடிய தாழ்சட்டச் சைக்கிளில் மாணவனும் அலுவலகத் தகப்பனும் செல்கிறார்கள். காவற்படையினர் ரோந்து செல்வதும் தாழ்சட்ட வெள்ளைச் சைக்கிளிலேயே. பாரிஸ் நகரில் 2007இல் தொடங்கிய பொதுச் சைக்கிள் திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வகைத் தாழ்சட்டந்தான். பொதுச் சொத்தாக ஆனவுடன் பால் மறைந்துவிட்டது. தனிச் சொத்தாக இருக்கும் வரைதான் அதற்கு ஆண், பெண் என்ற முத்திரை வேண்டியிருக்கிறது போலும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1958இல் ஹொண்டா நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட சிறிய மோட்டார்ச் சைக்கிளின் சட்டம், முன்புறம் தாழ்ந்து, காலை உயர்த்தாமலே ஏறத்தக்கதாக அமைந்தது. ஒரு கையால் உணவுத் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டவேண்டும், பாவாடையணிந்தவரும் ஏறவேண்டும் என்பன அதை வடிவமைத்தோர் கருத்திற் கொண்டவை. அவ்வகை வண்டிகள் 2017க்குள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. நம் நாட்டில் 'சீ-90' என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடியற்காலையில் கத்தரிக்காய்ச் சாக்கைப் பின்னே கட்டி, சாரத்தோடு அதில் வந்திறங்கும் கமக்காரரிடம், அவ்வண்டிக்குப் பார் இல்லை என்பதை இதுவரை யாரும் சுட்டிக்காட்டியதில்லை.